மே மாதக் கல்யாணத்துக்கு எந்த கேக்?

போன வருஷம் மே மாதம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். தூத்துக்குடியில் காலை பத்தரைக்குக் கோயிலில் ஆராதனை, அது முடிந்து மண்டபத்தில் கேக் வெட்டு, அப்புறம் பிரியாணி. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கல்யாணங்கள் வரிசையாக வரும். வெயிலும் அப்போதுதான் உச்சியில் நிற்கும். கடல் பக்கத்து ஊர் என்பதால் வெயிலோடு ஈரக்காற்றும் உண்டு. கேக்குக்கு இந்த இரண்டுமே ஆகாது.

கேக் பார்க்கும் வேலையை வீட்டில் என்னிடம் விட்டார்கள். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கரியில் ருசி பார்க்கிற நேரத்துக்காக கேக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மண்டபத்தில் அதை வெட்டுகிற நேரத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். நாங்களும் அந்த விளிம்பு வரை போய்த் திரும்பினோம்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு சாயங்காலம், நானும் தங்கச்சியும் சித்தியும் பேக்கரிக்குப் போனோம். மாடியில் சின்ன ஏசி அறை. ஒரே தட்டில் நான்கு துண்டு வந்தன: ஃப்ரெஷ் க்ரீம் போட்ட பட்டர்ஸ்காட்ச், பட்டர் ஐசிங் போட்ட வெனிலா, ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைத் தகடு போர்த்திய சாக்லேட், மேலே ஒன்றும் இல்லாத பிளம் கேக். தங்கச்சி பட்டர்ஸ்காட்ச்சை ஒரு வாய் வைத்ததுமே, "அக்கா, இதுதான்" என்றாள். எனக்கும் அதுதான் பிடித்தது. குளிர்ந்த க்ரீம், நடுவில் நொறுங்குகிற முந்திரிப் பாகு, பஞ்சு மாதிரி ஸ்பாஞ்ச். அந்தத் தட்டில் பிளம் கேக்தான் மங்கலாக, வயசாகித் தெரிந்தது.

முன்பணம் கொடுக்கப் பையைத் திறக்கும்போது கடை அண்ணாச்சி கேட்டார்: "கேக் எத்தன மணிக்கு வெட்டுவிய? மண்டபத்துல ஏசி எப்பம் போடுவாவ?"

அதுவரை யாரும் அதை யோசிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மண்டபத்துக்குக் கேக் ஒன்பதரைக்கு வந்துவிடும், மேடையில் பூ வேலை நடக்கும்போதே அதை அடுக்கி முடிக்க வேண்டும். கோயிலில் ஆராதனை முடிந்து, போட்டோ எடுத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபம் வந்து சேர ஒரு மணி ஆகும். ஏசியோ, கூட்டம் உள்ளே வந்த பிறகுதான் ஓடும். கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தனிக் கணக்கு என்பதால் யாரும் காலையிலேயே போட்டு வைப்பதில்லை. ஆக, கேக் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெறும் காற்றாடிக் காற்றில் நிற்கப் போகிறது.

அண்ணாச்சியிடம் அதே நான்கு துண்டையும் பார்சல் கேட்டு வாங்கினோம். மறுநாள் காலை ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேஜையில் வைத்தோம். காற்றாடி மட்டும் ஓடியது. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. அரை மணிக்குள் ஃபாண்டன்ட் மேல் முத்து முத்தாக வேர்த்தது. பத்தே காலுக்கு ஃப்ரெஷ் க்ரீமின் ஓரக் கோடுகள் மழுங்கின. பதினொன்றுக்கு அட்டையில் எண்ணெய் வட்டம் ஒன்று படிந்திருந்தது. பட்டர் ஐசிங்கில் இருந்த ரோஜாவின் இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பன்னிரண்டு மணிக்கு அது மொட்டாகியிருந்தது. ஒரு மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப ருசி பார்த்தோம். பட்டர்ஸ்காட்ச் வாயில் மெழுகு மாதிரி ஒட்டியது. நொறுங்கிய பாகெல்லாம் ஈரமாகிப் பிசுபிசுத்தது. பிளம் கேக் மட்டும் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சொல்லப்போனால் ஃப்ரிஜ் குளிர் போனதும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் நன்றாக எழும்பி வந்தன. அம்மா பேசிக்கொண்டே அந்தத் துண்டு முழுவதையும் சாப்பிட்டுவிட்டார்கள்.

இதை வைத்து மற்றதெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு.

ஃப்ரெஷ் க்ரீம் என்ற பெயரிலேயே ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. நம் ஊர் பேக்கரிகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பாலில் எடுத்த க்ரீம் இல்லை. பாமாயில் மரத்துக் கொட்டை எண்ணெய் மாதிரியான தாவரக் கொழுப்பு, சர்க்கரை, தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பெட்டியில் உறைந்து வருகிற விப்பிங் க்ரீம். அடித்தால் மூன்று நான்கு மடங்கு உப்பும், வெள்ளை வெளேரென்று இருக்கும், பால் க்ரீமை விட உருவம் நிற்கும். விலையும் மலிவு. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாளம் சுலபம்: பால் க்ரீம் நாக்கில் கரைந்து காணாமல் போகும், இது அண்ணத்தில் ஒரு படலமாக நிற்கும். நிஜமான பால் க்ரீம்தான் வேண்டும் என்றால் ருசி பிரமாதம். ஆனால் மே மாதத்தில் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவே கூடாது, வயிற்றைக் கெடுக்கும். சாயங்கால வரவேற்பு, மண்டபத்தில் முன்கூட்டியே ஏசி, கேக் வண்டியிலிருந்து இறங்கி அரை மணியில் வெட்டு என்றால் தாராளமாக எடுக்கலாம். டிசம்பர், ஜனவரி கல்யாணத்துக்கும் சரி.

க்ரீம் கேக்கை உயரமாக அடுக்குவது பற்றி எனக்குப் பயம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நான்கு அடுக்கு க்ரீம் கேக். ஆராதனை அரை மணி தாமதமானது. நாங்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டாவது அடுக்கு ஒரு பக்கமாக நகர்ந்து, மேல் அடுக்கு சாய்ந்து நின்றது. பேக்கரிப் பையன் ஒருவன் பின்னால் நின்று அட்டையால் தாங்கிப் பிடித்திருந்தான். கல்யாணப் பெண் கண் கலங்கிக்கொண்டே கத்தியைப் பிடித்தாள். அந்த போட்டோவை அவள் இன்றுவரை ஆல்பத்தில் ஒட்டவில்லை. பேக்கரிக்காரர்கள் அடுக்குகளுக்கு நடுவே அட்டையும் குச்சியும் சரியாகக் கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கனமான கேக்கின் மேல் இன்னொரு கேக் உட்கார வேண்டுமென்றால், கீழ்க் கேக்குக்குள் குச்சிகள் தூண் மாதிரி நின்று மேல்பாரத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் தனி அட்டையில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

பட்டர் ஐசிங் எங்கள் சின்ன வயசுப் பிறந்தநாள் கேக். ரோஸ் நிறப் பூவும் பச்சை இலையும் வைத்து, ஐஸ் கேக் என்று சொல்வோமே, அதுதான். வெண்ணெயில் செய்தால் சாந்தமான ருசி. ஆனால் வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும், முப்பது டிகிரிக்குக் கிட்டப் போனாலே தளர்ந்துவிடும். அதனால் பல கடைகளில் வெண்ணெய்க்குப் பதில் டால்டாவோ மார்ஜரினோ போட்டு அடிக்கிறார்கள். நிற்கும், சரி. ஆனால் இரண்டாவது வாய்க்கு மேல் இறங்காது. பாதி வெண்ணெய் பாதி டால்டா போட்டு, மெல்லிசாகப் பூசித் தருகிற கடையும் உண்டு. ஐசிங் பூச்சு விரல் கனத்தில் இருந்தால் எந்தக் கேக்கையும் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஃபாண்டன்ட்டுக்கு வருகிறேன். தங்கச்சி போனில் சேர்த்து வைத்திருந்த படங்களில் பாதி இதுதான். மடிப்பில்லாத வெள்ளை, புடவை ஜரிகை மாதிரி தங்கக் கோடு, சர்க்கரையில் செய்த பூக்கள். போட்டோவுக்கு இதை அடிக்க ஒன்று கிடையாது. சர்க்கரை, குளுக்கோஸ், ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி மாதிரி தேய்த்துக் கேக் மேல் போர்த்துவது. சூட்டில் உருகாது. அதன் எதிரி ஈரக்காற்று. ஃப்ரிஜ்ஜிலிருந்து வெளியே வந்தால் வேர்க்கும், வேர்த்தால் பளபளத்து ஒட்டும், சாயம் இறங்கும். ஆகவே ஃபாண்டன்ட் கேக்கை ஃப்ரிஜ்ஜில் வைக்காமல் இருக்க வேண்டும், அப்படியென்றால் உள்ளே க்ரீம் போட முடியாது, கனாஷ் என்கிற கெட்டியான சாக்லேட் கலவை மாதிரி வெளியில் தாங்குகிற பூச்சுதான் போட வேண்டும். தூத்துக்குடியில் இதை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கை தேர்ந்தவரா என்று முன்னால் செய்ததைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: ஜெலட்டின் மாட்டெலும்பு, தோல் முதலானவற்றிலிருந்து எடுப்பது. சைவம் சாப்பிடுகிற விருந்தாளிகள் வருவார்கள் என்றால், முட்டை இல்லை என்பதோடு இதையும் கேட்க வேண்டும். அப்புறம் சாப்பிடுகிற விஷயம். பெரியவர்கள் யாரும் அந்த வெள்ளைத் தோலைச் சாப்பிடுவதில்லை, உரித்துத் தட்டோரம் வைத்துவிடுவார்கள். கிலோவுக்கு எங்களிடம் 1,500 ரூபாய் சொன்னார்கள். உரித்துப் போடுவதற்கு அது பெரிய தொகை.

பிளம் கேக். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன்.

கல்யாண கேக் என்றால் ஆதியில் இதுதான். 1840-இல் விக்டோரியா ராணியின் கல்யாணத்துக்குச் செய்த பழக் கேக்கின் எடை 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ. அதில் எடுத்து வைத்த ஒரு துண்டு 2016-இல் லண்டனில் 1,500 பவுண்டுக்கு ஏலம் போனது. சாப்பிட அல்ல, நினைவுப் பொருளாக. ஆனால் 176 வருஷம் ஒரு கேக் துண்டு பூமியில் நிற்கிறது என்றால் அதன் உடம்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். பழத்தில் ஏறிய சர்க்கரையும் சாராயமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பூஞ்சைக்குப் பிழைக்க வழி இல்லை.

நம் பக்கத்துக்கு இந்தக் கேக் வந்த கதையும் அருமையானது. 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதே மாதிரி செய் என்றாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம். பாப்பு அதற்குப் பதிலாக முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் செய்த நாட்டுச் சரக்கைச் சேர்த்துச் செய்தார் என்று சொல்வார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் கேக்கில் சாராயம் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பா ஒருவர் சபை மூப்பர். ரம் ஊற்றிய கேக் என்றால் தொடமாட்டார். அண்ணாச்சியிடம் சொன்னதும் பழத்தைத் திராட்சைச் சாற்றிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஊற வைக்கலாம் என்றார். ஆனால் ரம்மில் போல மாதக்கணக்கில் ஊற வைக்க முடியாது, புளித்துவிடும்; சாற்றோடு ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, ஓரிரு நாளில் கேக்கில் சேர்த்துவிட வேண்டும். கேக்கும் அவ்வளவு நாள் தாங்காது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் சுட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பிளம் கேக்கில் ருசி பார்க்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். நிறம் சர்க்கரை கருக்கிய பாகிலிருந்து வந்திருந்தால் நாக்கின் கடைசியில் மெல்லிய கசப்பு இருக்கும். வெறும் சாயமோ கோகோவோ என்றால் அது இருக்காது. இரண்டாவது, பழம். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணைப் பறிப்பது டூட்டி ஃப்ரூட்டி, அதாவது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டது. அது கொஞ்சம் இருக்கலாம். உலர் திராட்சையும் பேரீச்சையும் முந்திரியும் அதை விட அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாவது, வெட்டின முகம். கத்தி இறங்கிய இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது; மழுமழுவென்று ஒட்டி நின்றால் நல்ல கேக். எங்களுக்கு அண்ணாச்சி வெட்டிக் காட்டியபோது ஒரு முந்திரி குறுக்கே அறுபட்டு, கேக்கோடு ஒட்டியபடியே வெள்ளையாகத் தெரிந்தது. உதிரவில்லை. சித்தி அதைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் பாதிப் பேருக்குப் பிடிக்காது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து, அதனால் பரிமாறுகிறவர்களிடம் முந்திரி இருக்கிறது என்று சொல்லி வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேக் மாதிரி இருக்கிறதே என்று இரண்டு பேராவது கேட்பார்கள்.

முட்டை இல்லாத கேக்கைப் பற்றிச் சுருக்கமாக. தயிரும் சோடாவும் சேர்த்தோ, கண்டென்ஸ்டு மில்க் சேர்த்தோ செய்கிறார்கள். சாக்லேட்டில் நன்றாக வருகிறது, வெனிலாவில் அவ்வளவு இல்லை. மொத்தக் கேக்கையும் முட்டை இல்லாமல் செய்ய வேண்டியதில்லை. சைவ நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணி அதற்கு மட்டும் தனிப் பெட்டி வாங்கி, பச்சைப் புள்ளி ஒட்டித் தனி மேஜையில் வைத்தால் போதும்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் காசு கரைகிறது. எங்கள் அழைப்பு 500 பேர். இரண்டு தீப்பெட்டியை ஒன்றின்மேல் ஒன்று வைத்த அளவு பிளம் கேக் துண்டு சுமார் 40 கிராம் வரும். 500 துண்டுக்கு 20 கிலோ. இந்த 20 கிலோவையும் மேடையில் அடுக்கி நிற்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. மேடையில் நிற்பது ஒன்று, பந்தியில் கொடுப்பது ஒன்று என்று பிரித்துவிடுங்கள். மேடைக் கேக்கில் கீழ் அடுக்குகள் தெர்மாகோலாக இருக்கலாம், கத்தி இறங்குகிற அடுக்கு மட்டும் நிஜக் கேக். இதைச் சொன்னதும் அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்க் கேக்கை வெட்டுவதா என்றார்கள். வெட்டுகிற அடுக்கு நிஜம்தான், ஊட்டிவிடுவதும் நிஜக் கேக்தான் என்று விளக்கிய பிறகு சரி என்றார்கள். விலையும் எங்கள் பக்கம் பேசியது: பிளம் கேக் கிலோ 700 என்று 14,000 ரூபாய், மேடைக் கேக்குக்கு 5,000. இருபது கிலோவும் ஃபாண்டன்ட்டில் எடுத்திருந்தால் 30,000 ஆகியிருக்கும்.

மேடைக் கேக்குக்கு மேல்பூச்சு என்ன என்பது மிச்சம் இருந்தது. இங்கேதான் கடையின் பழைய மாஸ்டர் ஒருவர் கைகொடுத்தார். முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் அடித்துப் பூசுகிற ராயல் ஐசிங். காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இறுகிவிடும். உருகாது, வேர்க்காது. பிளம் கேக் மேல் முந்திரி மாவில் செய்த மார்சிப்பானை ஒரு படலமாகப் போர்த்தி, அதன் மேல் பூசினால் கேக்கின் கறை வெளியே வராது. இப்போது இதை யாரும் கேட்பதில்லை என்பதால் இளம் பையன்களுக்குப் பழக்கம் இல்லை. பச்சை வெள்ளைக்கரு வேண்டாம் என்று கருதினால் அதற்கென்று பொடி கிடைக்கிறது, நாங்கள் அதைத்தான் போடச் சொன்னோம். மாஸ்டர் காகிதக் கூம்பைப் பிடித்து, எங்கள் கண் முன்னால் ஒரு அட்டை மேல் மல்லிகைச் சரம் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளாக இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியின் நுனியும் மூக்கு மாதிரி கூராக நின்றது. தங்கச்சி தன் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிஜப் பூ வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேடை அலங்காரத்தில் மிஞ்சிய பூவை எடுத்துக் கேக் மேல் செருகுவார்கள். அரளி விஷம், அது கேக் பக்கமே வரக்கூடாது. கடை ரோஜாவில் பூச்சி மருந்து இருக்கும், காம்பு கேக்குக்குள் இறங்கக் கூடாது.

ஆர்டர் சீட்டில் நாங்கள் எழுதி வாங்கியது: கேக் வந்து சேரும் நேரம், அடுக்கி முடிக்கும் வரை கடை ஆள் கூட நிற்பது, ஸ்டாண்டு திருப்பித் தரும் நாள், துண்டுகளை பட்டர் பேப்பரில் சுற்றித் தருவது. கடையின் உணவு உரிம எண் பில்லில் அச்சாகியிருக்கிறதா என்றும் பார்த்தேன், 14 இலக்கம் இருக்கும்.

தங்கச்சியின் பட்டர்ஸ்காட்ச் ஆசையை விட்டுவிடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும்போது ஒரு கிலோ வாங்கி ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினோம். பதினைந்து நிமிஷத்தில் பெட்டி காலி.

மறுநாள் ஆராதனை முடியத் தாமதமாகி, ஒன்றே கால் மணிக்குத்தான் மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். மல்லிகைப் புள்ளிகள் ஒன்றுகூட அசையவில்லை. ராயல் ஐசிங்கை வெட்டக் கத்தி கொஞ்சம் அழுத்தம் கேட்கும் என்று மாஸ்டர் முன்னமே சொல்லி, பெண்ணும் மாப்பிள்ளையும் கை வைக்கிற இடத்தில் பூச்சை லேசாகக் கீறி வைத்திருந்தார். மிஞ்சிய முப்பது துண்டை டப்பாவில் போட்டு, கல்யாணத்துக்கு வர முடியாமல் முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாகர்கோவில் அத்தைக்கு நான்காம் நாள் கொண்டு போனேன். அத்தை ஒரு துண்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பேப்பரில் ஒட்டியிருந்த திராட்சையையும் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு தா" என்றார்கள்.